தூரம் அளக்கும் நிரலும் அதிற் புகும் பிழைகளும்

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. அளத்தலின் அருமையை அஃது நன்கு உணர்த்துகின்றது. ஆயினும், அளக்கும் கோலே பழுதுடையதாயின் அளந்ததனாற் பயன் யாது? அளவாதவன் தனக்கு அளவு தெரியாது என்பதையேனும் அறிவான். பழுதுற்ற கோலால் அளந்தவனோ அதனையும் அறியான். ஆதலின், கோலைச் சோதித்தல் அளத்தலினும் முற்பட்ட கடமையாகின்றது.

இக்காலத்தில் மக்கள் கைக்கொண்டுள்ள அளவுகோல்களுள் கணிப்பொறி தலைசிறந்தது. ஓரிடத்திற்கும் மற்றோரிடத்திற்கும் இடையேயுள்ள தூரத்தை அஃது இமைப்பொழுதில் உரைத்துவிடுகின்றது. அவ்விடை எவ்வாறு பிறக்கின்றது, எவ்வெவ்விடங்களிற் பிழைபடுகின்றது, அப்பிழையைத் தேடிக் களையும் நெறி யாது என்பவற்றை, எமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைக் கொண்டு ஈண்டு விளக்க முயல்வோம். கணிதம் பயிலாத அன்பர்களும் தொடர்ந்து படிக்கலாம். பள்ளியிற் கற்ற செங்கோண முக்கோணம் ஒன்றை நினைவில் வைத்திருப்பின் போதும்.

நிரல் பிறந்த வரலாறு

சில ஆண்டுகட்கு முன்னர், எம்மிடம் பயின்ற மாணாக்கர் சிலர் எமது மேற்பார்வையில் ஒரு சிறு நிரலை இயற்றினர். நிரல் என்பது, கணிப்பொறி இன்னின்னவற்றை இன்ன முறையிற் செய்க என்று வரிசைப்பட எழுதும் கட்டளைத் தொகுதியாம். ஒருவர் தாம் நிற்கும் இடத்தைக் குறிப்பிட்டால், மருத்துவமனைகளின் பட்டியலினின்று அவருக்கு மிகவும் அண்மையில் உள்ளதைத் தெரிந்து கூறுவதே அந்நிரலின் பணி. பாம்பு கடியுண்டவனுக்கும், மகப்பேற்று வேதனையில் வருந்தும் தாய்க்கும், அரை மணி நேரத் தாமதம் உயிரையே போக்கிவிடக்கூடும் அன்றோ? ஆகவே, மாணாக்கர் விளையாட்டாக அன்றி, உண்மையான கருணையோடே அப்பணியில் ஈடுபட்டனர்.

நேர்தூரம் வேறு, பாதைத்தூரம் வேறு என்பதை அவர் அறியாதவரல்லர். எனினும், முதற்கண் நேர்தூரத்தாற் சில மருத்துவமனைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, பின்னர் அவற்றிற்கு மட்டும் பாதையை ஆராய்வதே எளிய முறை. அந்த முதற்படி தவறுமாயின், பின்னர்ச் செய்யும் ஆராய்ச்சியெல்லாம் தவறான பட்டியலின்மீதே நடைபெறும்.

நிரலைச் சோதித்தற்கு யாமே சில ஊர்களைக் கொடுத்தோம். சென்னைக்கும் மதுரைக்கும் இடையேயுள்ள நேர்தூரம் ஏறக்குறைய 421 கிலோமீட்டர்; நிரல் 424 என்றது. மூன்று கிலோமீட்டர் வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, “நன்று” எனக் கூறி ஏற்றுக்கொண்டோம். இந்த “நன்று” என்னும் சொல்லே எமது முதற்பிழை என்பது பின்னரே எமக்கு விளங்கிற்று.

ஆண்டொன்று கழிந்தது. நார்வே நாட்டின் தலைநகராகிய ஆஸ்லோவிற் பணிபுரியும் எமது பழைய மாணவர் ஒருவர், அந்நகரத்து மருத்துவமனைகளின் இடக்குறிப்புகளை அந்நிரலிற் புகுத்திப் பார்த்துவிட்டு எமக்கு எழுதினார். அவரது இல்லத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டரில் ஒரு மருத்துவமனை இருக்கின்றது. வடக்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டரில் மற்றொன்று இருக்கின்றது. நிரலோ வடக்கே உள்ளதே அண்மையிலுள்ளது என்று ஐயமின்றிக் கூறிற்று. “ஐயா, பிழை என்னுடையதா, நிரலினுடையதா?” என்று அவர் பணிவோடு வினவியிருந்தார்.

பிழையின் வேர்

பூமியின்மீது ஓரிடத்தைக் குறிக்க இரண்டு எண்கள் வேண்டும். நடுக்கோட்டினின்று வடக்கே அல்லது தெற்கே எத்துணைப் பாகை என்பது அட்சாம்சம். கிரீனிச் வழியாகச் செல்லும் கோட்டினின்று கிழக்கே அல்லது மேற்கே எத்துணைப் பாகை என்பது தீர்க்காம்சம். சென்னை ஏறக்குறைய வட அட்சாம்சம் 13.08, கிழக்குத் தீர்க்காம்சம் 80.27, மதுரை முறையே 9.93, 78.12.

எம்முடைய மாணாக்கர் இவ்வெண்களை வரைபடத் தாளிலுள்ள புள்ளிகளைப் போலவே கருதிவிட்டனர். அட்சாம்ச வேறுபாடு ஒரு பக்கம்; தீர்க்காம்ச வேறுபாடு மற்றொரு பக்கம்; இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் தூரம் வந்துவிடும் என்பது அவர் கொண்ட முறை. தட்டையான நிலத்திற்கு இது முற்றும் பொருந்தும். பூமியோ உருண்டை வடிவினது. வடக்குத் தெற்காகச் செல்லும் ஒரு பாகை எங்கும் ஏறக்குறைய 111 கிலோமீட்டரே. ஆனால், தீர்க்கரேகைகள் நடுக்கோட்டில் அகன்று நின்று, துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கி, ஈற்றில் ஒரு புள்ளியிற் கூடிவிடுகின்றன. உரித்த ஆரஞ்சுப் பழத்தின் சுளைகளை நோக்குவார்க்கு இது தெள்ளிதின் விளங்கும். ஆகவே, கிழக்கு மேற்காகச் செல்லும் ஒரு பாகையின் நீளம் இடத்திற்கு இடம் குறைகின்றது. அட்சாம்சத்தின் கோசைன் எவ்வளவோ அவ்வளவு பங்காகக் குறைகின்றது என்பது கணித நூலார் முடிபு.

நடுக்கோட்டிற் கோசைன் 1. சென்னையின் அட்சாம்சத்தில் அது 0.974. வட அட்சாம்சம் 60 பாகையில் அது சரிபாதியாகிய 0.5. ஆஸ்லோ ஏறத்தாழ அவ்விடத்தே அமைந்துள்ளது. எனவே, அங்குக் கிழக்கே 4 கிலோமீட்டரில் உள்ள மருத்துவமனையை நிரல் 8 கிலோமீட்டரில் உள்ளதாகக் கொண்டது. வடக்கே 6 கிலோமீட்டரில் உள்ளது ஆறாகவே நின்றது. எட்டினும் ஆறு சிறிதாதலின், வடக்கே செல்க என்றது. நிரல் தன் கட்டளையைச் செவ்வனே நிறைவேற்றியது, கட்டளையே பிழைபட்டது.

பிழையின் அளவைப் பின்வரும் ஒப்புமையால் உணரலாம். ஆஸ்லோவிற்கும் சுவீடன் நாட்டுத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமிற்கும் இடையேயுள்ள நேர்தூரம் ஏறக்குறைய 416 கிலோமீட்டர். சென்னை – மதுரைத் தூரத்தை ஒத்ததே. ஆனால் எமது பழைய நிரல் முன்னதற்கு 816 என்றும், பின்னதற்கு 424 என்றும் விடை தந்தது. ஒரே பிழை, ஓரிடத்தில் நூற்றுக்கு ஒன்றினும் குறைந்த வேறுபாடாய் மறைந்து கிடந்து, மற்றோரிடத்தில் இருமடங்காய் எழுந்து நின்றது. நடுக்கோட்டிற்கு அண்மையில் வாழும் நாம், நம்மைச் சூழ்ந்த ஊர்களை மட்டுமே வைத்துச் சோதித்தமையால், அப்பிழை நம் கண்ணுக்குப் புலப்படவில்லை.

ஒட்டுப்போடும் ஆசை

கடிதம் கண்டவுடன் மாணாக்கருள் ஒருவர், “ஆஸ்லோவிற்குத் தீர்க்காம்ச வேறுபாட்டைப் பாதியாக்கிவிடுவோம், விடை சரியாகிவிடும்” என்றார். அவ்வாறு செய்திருப்பின் அன்றைக்கு விடை சரியாகவே வந்திருக்கும். ஆயினும், சென்னையில் விடை கெட்டிருக்கும். ஊர்தோறும் ஒவ்வோர் எண்ணைத் தேடிச் சேர்க்கவேண்டியும் நேர்ந்திருக்கும். காய்ச்சலின் காரணத்தை ஆராயாது நெற்றியில் ஈரத்துணி இடுவதோடு அமைதல் மருத்துவமாகுமா? விடையைத் திருத்துதல் வேறு. விடையைப் பிறப்பிக்கும் முறையைத் திருத்துதல் வேறு. பிழை களைதலில் முதலாவது விதி இதுவே.

ஆகவே, காரணத்தை உறுதிப்படுத்தும்பொருட்டு, யாம் வினாவை இயன்றவரை சிறியதாக்கினோம். ஊர்களையும் மருத்துவமனைகளையும் நீக்கிவிட்டு, ஒரே தீர்க்கரேகையின்மீது ஒரு பாகை இடைவெளியுள்ள இரு புள்ளிகளைக் கொடுத்தோம். விடை 111.2, சரியே. பின்னர், நடுக்கோட்டின்மீதே ஒரு பாகை இடைவெளியுள்ள இரு புள்ளிகள்; அதுவும் சரியே. அடுத்து, 60 பாகை அட்சரேகையின்மீது ஒரு பாகை இடைவெளி, 55.6 வரவேண்டிய இடத்தில் 111.2 வந்தது. மூன்றே சோதனைகளில், பிழை தீர்க்காம்சத்தைக் கையாளும் வரியில் உள்ளது என்பதும், அட்சாம்சம் பற்றியே அது வளர்கின்றது என்பதும் உள்ளங்கை நெல்லிக்கனி போல் விளங்கின.

ஒன்று தீர மற்றொன்று

இனி, கோளத்தின்மீது தூரம் காணும் முறையைக் கைக்கொண்டோம். கோள முக்கோணங்களுக்குரிய கோசைன் விதி என்பது பழமையானதொன்று. இரண்டு அட்சாம்சங்களின் சைன்களைப் பெருக்குக; இரண்டின் கோசைன்களையும் தீர்க்காம்ச வேறுபாட்டின் கோசைனையும் பெருக்குக; இரு பெருக்கங்களையும் கூட்டுக; வரும் தொகை, பூமியின் நடுவில் அவ்விரு புள்ளிகளும் எதிர்கொள்ளும் கோணத்தின் கோசைன் ஆகும். அக்கோணத்தைக் கண்டு, பூமியின் சராசரி ஆரமாகிய 6,371 கிலோமீட்டராற் பெருக்கினால் தூரம் கிடைக்கும்.

மாணாக்கர் இதனை எழுதி இயக்கினர். சென்னையினின்று மதுரைக்கு 8,858 கிலோமீட்டர் என்றது பொறி! யாவரும் நகைத்தனர். நகைப்பிற்கு இடமளிக்கும் பிழை நல்ல பிழை. அது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகின்றது. காரணம் யாதெனின், நிரல்மொழிகள் பலவற்றிலும் சைன், கோசைன் காணும் கட்டளைகள் கோணத்தைப் பாகையில் ஏலா. ரேடியன் என்னும் அலகிலேயே ஏற்கும். ஒரு ரேடியன் ஏறத்தாழ 57.3 பாகை. யாம் 13.08 பாகையைக் கொடுக்க, பொறி அதனை 13.08 ரேடியன் என்று கொண்டது. எண்ணிற்கு அலகு ஒட்டியிருப்பதில்லை; அதனை நினைவில் வைப்பது மனிதன் கடமை. பாகையை ரேடியனாக மாற்றியபின் 421 என்னும் விடை வந்தது. ஸ்டாக்ஹோமிற்கு 416 வந்தது.

இனிக் குறையொன்றும் இல்லை என்று எண்ணியிருந்தபொழுது, மற்றொரு மாணவர் ஒரு வேடிக்கையான சோதனையைச் செய்தார். ஒரு மருத்துவமனையின் இடக்குறிப்பையே எடுத்து, தாம் அம்மருத்துவமனையின் வாயிலில் நிற்பதாக நிரலுக்குக் கூறினார். தூரம் சுழியாதலின் அதனையே நிரல் கூறவேண்டும். நிரலோ, பல கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறொரு மருத்துவமனைக்குச் செல்லுமாறு பணித்தது! இஃது எல்லா மருத்துவமனைகளுக்கும் நேரவில்லை, சிலவற்றிற்கே நேர்ந்தது. எப்பொழுதும் நேரும் பிழையினும், சிற்சில வேளைகளில் நேரும் பிழையே அஞ்சத்தக்கது.

இதன் காரணம் நுட்பமானது. கணிப்பொறி எண்களை முடிவற்ற இலக்கங்களோடு வைத்துக்கொள்வதில்லை. ஏறத்தாழ பதினாறு இலக்கங்களோடு நிறுத்திவிடுகின்றது. ஒரே இடத்திற்குக் கோசைன் விதியைப் பயன்படுத்தினால், சரியாக 1 வரவேண்டும். ஆனால் இடையிடையே இலக்கங்களைத் தள்ளிச் சரிசெய்வதால், சில அட்சாம்சங்களில் 1ஐ விட அணுவளவு மிகுந்த எண் வந்துவிடுகின்றது. கோசைன் 1ஐ விட மிகுந்த கோணம் ஒன்று உண்டோ? இல்லை. ஆகவே பொறி, “எண் அன்று” என்று பொருள்படும் ஓர் அடையாளத்தை விடையாகத் தருகின்றது. 1985ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற எண்கணக்கு நியமத்தின்படி, “எண் அன்று” என்பதனை எவ்வெண்ணோடு ஒப்பிட்டு, “இது சிறியதா?” என வினவினாலும், “அன்று” என்றே விடை வரும். நிரலின் வேலையோ, ஒவ்வொரு தூரத்தையும் நோக்கி, “இதுவரை கண்டவற்றிலும் இது சிறியதா?” என வினவுவதே. எனவே, வாயிலிலேயே நிற்கும் மருத்துவமனை சத்தமின்றிப் பட்டியலினின்று நழுவிவிட்டது. பொறி அழவும் இல்லை, அலறவும் இல்லை. முகம் மாறாது பொய் விடையைக் கூறிற்று.

ஹேவர்சைன் என்னும் பழைய கருவி

தொகை 1ஐ மீறினால் அதனை 1 ஆக்கிவிடுக என்று ஒரு வரி சேர்க்கலாம். அது வேண்டற்பாலதே, ஆயினும் போதாது. ஒன்றோடொன்று நெருங்கிய புள்ளிகளுக்குக் கோசைன் விதி இயல்பாகவே வலுவற்றது. என்னை? மிகச் சிறிய கோணத்தின் கோசைன் 0.99999… எனத் தொடங்கி, வேறுபாடெல்லாம் கடைசி இலக்கங்களிலேயே அடங்கிக் கிடக்கும். நெல்மூட்டை ஏற்றிய வண்டியை நிறுத்து, மேலே வைத்திருந்த ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டு மீண்டும் நிறுத்து, இரண்டின் வேறுபாட்டாற் பழத்தின் எடையை அறிய முயல்வதை ஒக்கும் இது. ஏழிலக்கத் துல்லியம் மட்டுமே உடைய எண்களாற் கணக்கிடின், இரண்டு கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரங்கள் யாவும் சுழியோடு மயங்கிவிடும். பதினாறிலக்கத் துல்லியத்திலும் சில அங்குலங்களுக்குக் கீழ்ப்பட்ட தூரங்கள் மறையும்.

இவ்விடர்ப்பாட்டிற்கு மாற்று, கப்பலோட்டிகள் முன்னரே அறிந்த ஒன்று. 1இலிருந்து கோசைனைக் கழித்தால் வருவது வெர்சைன். அதன் பாதி ஹேவர்சைன். நம் நாட்டு வானநூலாரும் வெர்சைனை உத்கிரமஜ்யா என்னும் பெயரால் ஆண்டுள்ளனர். சூரிய சித்தாந்தத்தில் அதற்குரிய எண்கள் காணப்படுகின்றன. ஹேவர்சைன் என்னும் பெயரை 1835இல் ஜேம்ஸ் இன்மன் என்பார் தம் கடற்பயண நூலில் வழங்கினார். ஒரு கோணத்தின் ஹேவர்சைன், அதன் பாதிக்கோணத்துச் சைனின் வர்க்கத்திற்குச் சமம். சிறிய கோணத்திற்குச் சைனும் சிறிய எண்ணே. அதனைப் பெரிய எண்ணொன்றிலிருந்து கழித்தெடுக்கவேண்டிய தேவை இல்லை. எலுமிச்சம்பழத்தை வண்டியோடு சேர்க்காது, பொற்கொல்லன் தராசிலேயே வைத்து நிறுப்பது போன்றது அது. கணிப்பொறிகட்கும் இம்முறையே தக்கது என்பதை 1984இல் ரோஜர் சின்னாட் என்பார் ஒரு வானியல் இதழில் எடுத்துக்காட்டினார்.

முறை இதுவாம்: அட்சாம்ச வேறுபாட்டிற் பாதியின் சைனை வர்க்கித்திடுக. தீர்க்காம்ச வேறுபாட்டிற் பாதியின் சைனை வர்க்கித்து, அதனை இரு அட்சாம்சங்களின் கோசைன்களாலும் பெருக்கிடுக. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் காண்க. எந்தக் கோணத்தின் சைன் அவ்வெண்ணோ, அக்கோணத்தை இரட்டித்துப் பூமியின் ஆரத்தாற் பெருக்குக. ஒரே இடமாயின் இரு வேறுபாடுகளும் சுழி. எனவே விடையும் ஐயத்திற்கு இடமின்றிச் சுழி. வாயிலில் நின்ற மாணவருக்கு, நிரல் அவ்வாயிலையே காட்டிற்று.

நகைப்பிற்கு இடமளியாத பிழைகள்

இன்னும் இரண்டு பிழைகளைக் குறித்தல் வேண்டும். ஒன்று, வரிசை மாறுதல். பேச்சு வழக்கில் அட்சாம்சத்தை முன்னும் தீர்க்காம்சத்தைப் பின்னும் கூறுகின்றோம். ஆனால் ஜியோஜேசான் என்னும் பெருவழக்கான கோப்பு முறையில் தீர்க்காம்சமே முன் நிற்கும். எமது மாணாக்கர் அத்தகைய பட்டியல் ஒன்றை அப்படியே புகுத்தியபொழுது, சென்னையும் மதுரையும் தம் இடம்விட்டுப் பெயர்ந்து, வடதுருவத்திற்கு அண்மையிலுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவினை அடுத்த பனிக்கடற் பகுதிக்குச் சென்றுவிட்டன! ஆயினும் அவற்றிடைத் தூரமாக வந்த எண் 248 கிலோமீட்டர். 8,858 என்பது கண்டவுடன் நகைத்தோம். 248ஐக் கண்டு நகைப்பார் யார்? நம்பத்தகுந்த தோற்றமுடைய பொய்யே பொய்களுட் கொடியது. புள்ளிகளை ஒரு வரைபடத்தின்மீது இட்டுப் பார்த்தபின்னரே உண்மை வெளிப்பட்டது. தூரத்தை எண்ணாக மட்டும் நோக்காது, இடத்தைக் கண்ணாலும் நோக்குக என்பது இதனாற் கற்ற பாடம்.

மற்றொன்று, 180 பாகைத் தீர்க்கரேகையைக் கடத்தல். பிஜித் தீவுகளுள் ஒன்றாகிய டாவெயுனியின் ஊடே அந்த ரேகை செல்கின்றது. அதன் ஒருபுறம் கிழக்கு 179.9, மறுபுறம் மேற்கு 179.9. மேற்கைக் குறை எண்ணாக எழுதிக் கழித்தால் வேறுபாடு 359.8 பாகை, உண்மையிலோ 0.2 பாகை, அஃதாவது ஏறத்தாழ 21 கிலோமீட்டர். எமது முதல் நிரல் அக்கரையினின்று இக்கரைக்கு உலகையே சுற்றி வந்திருக்கும். ஹேவர்சைன் முறையில் சைன் வர்க்கம் தானே சுழன்று வருவதால் இப்பிழை நேராது. ஆயினும், “இந்த எல்லைக்குள் உள்ள ஊர்களை மட்டும் எடு” என்று முன்னரே வடிகட்டும் வரியில் அஃது ஒளிந்திருத்தல் கூடும்.

இத்துணையும் செய்தபின்னும் பூமி சரியான கோளமன்று என்பதை மறத்தலாகாது. 1984ஆம் ஆண்டின் உலக நில அளவை நியமத்தின்படி நடுக்கோட்டு ஆரம் 6,378.137 கிலோமீட்டர், துருவத்து ஆரம் ஏறத்தாழ 6,356.752. கோளமெனக் கொள்வதால் நூற்றுக்கு அரை வரையிற் பிழை நேரலாம். மருத்துவமனையைத் தேடுவார்க்கு அது போதும். எல்லைக்கல் நடுவார்க்குப் போதாது. தட்டையுற்ற கோளத்திற்கு வின்சென்டி என்பார் 1975இல் வகுத்த முறை மிகவும் நுட்பமானது. எனினும், உலகின் நேரெதிர்ப் பக்கங்களில் உள்ள புள்ளிகளுக்கு அது சிலவேளை விடை காணாமலே சுழன்றுகொண்டிருக்கும். 2013இல் சார்லஸ் கார்னி என்பார் அக்குறையைத் தீர்த்தார். எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை முதலில் தெளிந்து, அதற்கேற்ற முறையைத் தேர்தலே அறிவுடைமை.

சோதனை நெறி

இனி, தூரம் காணும் எந்நிரலையும் சோதித்தற்குரிய சில விதிகளைத் தொகுத்துக் கூறுவோம். விடை தெரியாத இடத்திலும் இவற்றால் விடையைச் சோதிக்கலாம் என்பதே இவற்றின் சிறப்பு.

முதலாவது, ஓரிடத்தினின்று அதே இடத்திற்குத் தூரம் சுழியாதல் வேண்டும். இரண்டாவது, இங்கிருந்து அங்குள்ள தூரமும் அங்கிருந்து இங்குள்ள தூரமும் ஒன்றாதல் வேண்டும். மூன்றாவது, இடையில் ஓர் ஊர் வழியாகச் செல்லும் தூரம் நேர்தூரத்திற்குக் குறைதலாகாது. நான்காவது, கோளமாகக் கொண்ட பூமியில் எவ்விரு இடங்களுக்கும் இடையேயுள்ள தூரம் 20,015 கிலோமீட்டரை மிகுதலாகாது. அதுவே பூமியின் சுற்றளவிற் பாதி. ஐந்தாவது, நடுக்கோடு, துருவம், 180 பாகை ரேகை, மிக அண்மை, மிகச் சேய்மை ஆகிய ஓரங்களிலேயே சோதனை மிகுதியும் நடைபெறவேண்டும். பிழைகள் வயலின் நடுவில் நில்லா, வரப்பின் வளைகளிலேயே குடியிருக்கும். ஆறாவது, ஒரு முறையாற் கண்ட விடையை முற்றும் வேறானதொரு முறையாற் சரிபார்த்தல் வேண்டும்.

இந்த ஆறாம் விதி புதியதன்று. 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பார் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து, இந்தியப் பெரு முக்கோண அளவையைத் தொடங்கினார். வெயிலாற் சங்கிலி நீள்வதையும் வெப்பமானி கொண்டு கணக்கிட்டார். அவ்வடிக்கோட்டின்மீது முக்கோணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே பெங்களூர் வரை சென்று, அங்கே ஒரு கோட்டின் நீளம் இவ்வளவு என்று கணக்கால் முடிவு செய்யலாயிற்று. அதனோடு அவர் அமைந்திலர். அக்கோட்டையும் 1804இல் சங்கிலியால் அளப்பித்தார். பல மைல் நீளமுள்ள கோட்டில் கணக்கிற்கும் அளவிற்கும் கண்ட வேறுபாடு சில அங்குலங்களே. கணக்கு சரியென்று நம்பியிருந்தும், நம்பிக்கையைச் சோதனைக்கு உட்படுத்திய அப்பண்பே நிரல் இயற்றுவார் கற்கவேண்டுவது.

அப்பண்பு தவறிய இடங்களும் உள. 1991 பெப்ரவரியில் சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரில், ஏவுகணையைத் தடுக்கும் பொறியொன்று நூறு மணி நேரம் இடைவிடாது இயங்கியது. வினாடியின் பத்தில் ஒரு பங்கைப் பொறி தன் எண்முறையில் முழுமையாக எழுதவியலாது. அதனால் விளைந்த சிறு குறை சேர்ந்து சேர்ந்து 0.34 வினாடியாயிற்று. அந்நேரத்தில் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேற் சென்றுவிடும். பொறி தவறான இடத்தை நோக்கிற்று. 28 போர்வீரர் மாண்டனர். 1999 செப்டம்பரில், செவ்வாய்க் கோளை நோக்கிச் சென்ற அமெரிக்க விண்கலம் ஒன்று, ஒரு நிரல் பவுண்டு அளவிலும் மற்றொரு நிரல் நியூட்டன் அளவிலும் கணக்கிட்டமையால், வேண்டிய உயரத்தினும் மிகத் தாழ்ந்து சென்று அழிந்தது. எண்ணிற்கு அலகு ஒட்டியிருப்பதில்லை என்று முன்னர்க் கூறியதன் விலை இது.

முடிவுரை

எமது நிரல் இவ்வாறு திருத்தப்பெற்றது. ஆஸ்லோவிலுள்ள அன்பருக்கு, “பிழை உம்முடையதன்று, நிரலினுடையதும் அன்று, எம்முடையது” என்று விடை எழுதினோம். மாணாக்கர் தட்டையான தாளை நினைத்தது இயல்பான தவறு. அவர் கொணர்ந்த விடையில் மூன்று கிலோமீட்டர் வேறுபாடு இருந்தபொழுது, “ஏன்?” என்று வினவாது “நன்று” என்றவர் யாமே. அந்த மூன்று கிலோமீட்டர், பிழை தன் முகத்தைச் சிறிதே காட்டிய சாளரம். அதனை யாமே அடைத்துவிட்டோம்.

மாணவ நண்பர்காள்! நீவிர் இயற்றும் நிரல்கள் நீவிர் அறியாத ஊர்களில், நீவிர் காணாத மனிதர் கையில் இயங்கும். நள்ளிரவில் எவனோ ஒருவன் தன் குழந்தையைத் தோளிற் சுமந்துகொண்டு, அந்நிரல் காட்டும் திசையில் ஓடுவான். அவன் அதனைச் சோதிக்க நேரமற்றவன், உம்மை நம்பினவன். அவன்பொருட்டு, சிறு வேறுபாட்டையும் இகழாது, “ஏன்?” என்று ஒருமுறை வினவுங்கள். உம்மூரிற் சரியாயிருப்பது கொண்டு உலகெங்கும் சரியென்று முடிவு செய்யாதீர்கள். பிழை கூறி எழுதுவாரைப் பகைவராகக் கருதாது, நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். எமது நிரலின் முதல் வரியில் இன்றும் சென்னை – மதுரை, ஆஸ்லோ – ஸ்டாக்ஹோம் என்னும் இரண்டு தூரங்களும் சோதனைகளாக நிற்கின்றன. யார் எவ்வரியைத் திருத்தினாலும், அவ்விரண்டும் சரியாக வந்தபின்னரே அத்திருத்தம் ஏற்கப்படும்.